பெரிய டாக்டர், சின்ன டாக்டர், குட்டி டாக்டர்

பி.காம். படித்தவனுக்கு டாக்டர்களைப் பற்றி எழுத என்ன யோக்யதை இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். டாக்டரின் நாடியையே பிடித்துப் பார்க்கிற கூட்டம் ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது கணக்கு எழுதுகிற கூட்டம்தான். ஸ்கேனில் தெரியாத சங்கதியெல்லாம் லெட்ஜரில் தெரியும்!

ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மூணு வருஷம் டிக் மார்க் போட்டுக்கொண்டிருந்தவன் நான். அந்த ஆடிட்டருக்கு டாக்டர் கிளையன்ட்கள் ஜாஸ்தி. வருமானவரி விதிகளில் டாக்டர்களுக்கென்றே ஒரு படிவம் இருந்தது. 3-சி என்று பெயர். தேதி, வரிசை எண், நோயாளி பெயர், என்ன வைத்தியம், வாங்கிய ஃபீஸ், வாங்கிய தேதி. அவ்வளவுதான் கட்டங்கள்.

காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து வருஷா வருஷம் மஞ்சள் பையில் ஒரு ரிஜிஸ்டர் வரும். 'பெரிய டாக்டர்' என்று ஊரே கூப்பிடுகிற மனுஷருடையது. ஃபீஸ் கட்டத்தில் இருபது, இருபது, பத்து, நில், இருபது, 'அப்புறம்', நில், 'நார்த்தங்காய்' என்று போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு போன் போட்டார். "டாக்டர், நார்த்தங்காயை எந்த ஹெட்ல காட்டறது?"

"ஊறுகாய் போட்டாச்சே சார். உங்களுக்கு ஒரு பாட்டில் அனுப்பட்டுமா?"

பாட்டில் வந்தது. கணக்கில் வரவில்லை.

அந்தக் குடும்பத்தில் மூணு தலைமுறை டாக்டர்கள். பெரிய டாக்டருக்கு இப்போது எண்பத்து நாலு. 1959-ல் ஆரம்பித்த தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜின் முதல் சில பேட்ச்களில் ஒருத்தர். மகன் 'சின்ன டாக்டர்', ஐம்பது தாண்டிய இருதய நிபுணர், பெருநகரத்தில் ஒரு கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில். பேத்தி அரசு ஆஸ்பத்திரியில் மேல்படிப்பு படித்துக்கொண்டே டியூட்டி பார்க்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் 'குட்டி டாக்டர்'. நான் கணக்கை விட்டு எழுத்துக்கு வந்த பிறகும் இந்த வீட்டோடு போக்குவரத்து நிற்கவில்லை. காரணம், நார்த்தங்காய்.

பெரிய டாக்டரின் டிஸ்பென்ஸரியை நான் சின்ன வயதில் பார்த்ததில்லை. ஆனால் அதே மாதிரி ஒன்று எங்கள் தெருவிலும் இருந்தது, உங்கள் தெருவிலும் இருந்திருக்கும். அரைக் கதவு. பெஞ்சு. ஸ்பிரிட் வாசனை. உள்ளே ஸ்டீல் பெட்டியில் வெந்நீர் கொதிக்க, அதில் கண்ணாடி சிரிஞ்சு முட்டை மாதிரி வெந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே பாதி ஜுரம் போய்விடும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கம்பவுண்டர். நாம் கொண்டுபோன பாட்டிலில் ரோஸ் கலர் மிக்ஸரை ஊற்றி, வெள்ளைக் காகிதத்தை மடித்து ஓரத்தைக் கத்தரித்து, பாட்டிலின் முதுகில் ஒட்டுவார். ஒரு வேளைக்கு ஒரு பல். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா கூட அளவு தப்பாமல் குடிக்கும். இன்றைக்கு மருந்து ஸ்டிரிப்பின் பின்னால் பொடி எழுத்தில் அச்சடிக்கிறார்களே, பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாமல்... சரி, விடுங்கள்.

ஃபீஸை யாரும் கேட்க மாட்டார்கள். கையை மூடிக்கொண்டு போய் மேஜையில் வைத்துவிட்டு வரவேண்டும். அவரும் பார்க்காமல் டிராயரில் தள்ளுவார். எவ்வளவு வைத்தோம் என்பது வைத்தவனுக்கும் டிராயருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

இந்த ரக டாக்டர்களின் பரம்பரை பெரிசு. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி வாசலில் சிலையாக நிற்கிறாரே டாக்டர் ரங்காச்சாரி, வெளியூர் நோயாளிகளைப் பார்க்கச் சொந்தமாக விமானம் வாங்கி ஓட்டிக்கொண்டு போனவர். 1934-ல் டைபாய்டு வந்து இறந்து போனார். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் டாக்டர் சாந்தா 1955-ல் சேர்ந்து, 2021-ல் இறக்கும் வரைக்கும் அதுவே வீடு, அதுவே உலகம் என்று இருந்தார். வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரன், வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் இருவரும் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள். 2018-லும் 2020-லும் அவர்கள் இறந்தபோது வடசென்னை அழுதது. அதற்கு முன்னாலேயே 2017-ல் ஐந்து ரூபாய் டாக்டரை ஹீரோவாக்கி சினிமா வந்தது. சினிமா டிக்கெட்டின் விலைக்கு அவரிடம் குடும்பத்தோடு பல தடவை போய் வந்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

பி.காம்.-ல் 'குட்வில்' என்று ஒரு கணக்கு வரும். கடைசி சில வருஷ லாபத்தின் சராசரியை எடு, இத்தனை வருஷப் பர்ச்சேஸால் பெருக்கு, இதோ குட்வில் என்பார்கள். பெரிய டாக்டருக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். லாபமே சொற்பம். பெருக்கினால் ஒரு மொபெட் கூடத் தேறாது. ஆனால் அந்த மனுஷர் கோயில் தேரோட்டத்தன்று தெருவில் இறங்கினால் தேருக்கு முன்னால் அவருக்கு வழி விடுகிறார்கள்.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை ஜோராக இருக்கும். 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று நீங்களும் பெருமூச்சு விட்டு அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடலாம். ஆனால் இதை ஒப்புக்கொள்ளாத முதல் ஆள் பெரிய டாக்டரேதான்.

"தம்பி, எழுபதுல நெஞ்சு வலின்னு ஒருத்தன் வந்தா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? பெத்தடின் ஊசி. ஆக்சிஜன் இருந்தா ஆக்சிஜன். வாரக்கணக்குல அசையாம படுடான்னு சொல்லிட்டு, பக்கத்துல உட்கார்ந்து கையைப் புடிச்சுக்குவேன். பொழைச்சா அவன் அதிர்ஷ்டம். செத்தா, 'டாக்டர் ராத்திரி பூரா கூடவே இருந்தாருப்பா'ன்னு ஊர் என்னைக் கும்பிடும். கையைப் புடிச்சதுக்குப் பேர் வைத்தியம் இல்லை. வேற ஒண்ணும் தெரியாததால புடிச்சேன்."

1977-ல் ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் என்பவர், இருதய ரத்தக்குழாயில் பலூனை விட்டு அடைப்பைத் திறந்து காட்டினார். அது நம்ம ஊருக்கு வந்து சேர்வதற்குள் பெரிய டாக்டருக்கு முடி நரைத்துவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். கேன்சர் என்று தெரிந்தால் நோயாளியிடம் சொல்ல மாட்டாராம். மூத்த மகனைத் தனியே கூப்பிட்டு, வேப்பமரத்தடியில் வைத்து, "அப்பாகிட்ட அல்சர்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்பாராம். சொத்து, பத்து, மகள் கல்யாணம் எதையும் முடிவு செய்ய முடியாமல், தனக்கு அல்சர் என்று நம்பிக்கொண்டே செத்துப் போனவர்கள் எத்தனை பேரோ. அன்றைக்கு அதற்குப் பெயர் இரக்கம். நோயாளிக்கு விவரம் சொல்லி, அவர் சம்மதம் வாங்கித்தான் எதையும் செய்யவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2008-ல் ஒரு வழக்கில் விலாவாரியாகவே சொல்லிவிட்டது. "இப்ப யோசிச்சா, அந்தாளு உடம்பு அது. ரகசியம் மட்டும் எனக்கும் பையனுக்கும்!" என்கிறார் பெரிய டாக்டர்.

இனி சின்ன டாக்டர்.

இவர் ஃபைல் எங்கள் ஆபீஸுக்கு மஞ்சள் பையில் வராது. பிளாஸ்டிக் ஃபோல்டரில், கலர் கலர் ஃபிளாக் ஒட்டி வரும். ஆஸ்பத்திரி பிடித்த டி.டி.எஸ். சான்றிதழ், கார் லோன், வீட்டு லோன், தொழில்முறை இன்ஷூரன்ஸ் பிரீமியம். (நோயாளி கேஸ் போட்டால் நஷ்ட ஈடு கொடுக்க டாக்டர்கள் எடுத்து வைக்கிற இன்ஷூரன்ஸ் அது. பெரிய டாக்டரின் ரிஜிஸ்டரில் அப்படி ஒரு செலவே இருந்ததில்லை. அவருக்கு இன்ஷூரன்ஸ், ஊர்தான்.)

அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கொஞ்சம் தேதி பார்ப்போம். 1983-ல் சென்னை கிரீம்ஸ் ரோட்டில் அப்போலோ வந்தது. 1985-ல் போரூரில் ராமச்சந்திரா, கோவையில் பி.எஸ்.ஜி. என்று தனியார் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு 'சேவை'தான் என்று தீர்ப்புச் சொன்னது. கட்டை பெஞ்சில் பயபக்தியாக உட்கார்ந்திருந்த நோயாளி அன்றிலிருந்து கஸ்டமர். மிக்ஸிக்கு உள்ள உரிமை மேனிக்கும் வந்தது.

நல்ல தீர்ப்புதான். அதற்கு முன் கத்தரிக்கோலை வயிற்றில் வைத்துத் தைத்தாலும் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஆனால் கஸ்டமர் வந்தால் கூடவே கடைக்காரரும் வந்துவிடுவார் இல்லையா?

சின்ன டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். "அப்பா வயித்துல கை வெச்சே அப்பெண்டிக்ஸ்னு சொல்லிடுவார். எனக்கும் தெரியும். ஆனா ஸ்கேன் இல்லாம அனுப்பினா, நாளைக்கு வக்கீல் கேட்கிற முதல் கேள்வி 'ஏன் ஸ்கேன் எடுக்கலை?' கை சாட்சி சொல்லாது. பேப்பர்தான் சொல்லும்."

இவருக்கு முதல் ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரி 'மினிமம் கேரண்டி' கொடுத்தது. மாசம் இவ்வளவு நிச்சயம். அதற்கப்புறம் செய்கிற வேலைக்குத் தக்கபடி பங்கு. மாசா மாசம் மீட்டிங். எம்.பி.ஏ. படித்த ஒரு பையன் (நம்ம காமர்ஸ் ஆள்தான்!) திரையில் படம் காட்டுவான். புறநோயாளிகள் இத்தனை, அதில் அட்மிஷன் ஆனவர்கள் இத்தனை, போன மாசத்தைவிட இவ்வளவு குறைவு. எதையும் செய் என்று சொல்ல மாட்டான். "டிப் ஆகியிருக்கு டாக்டர்" என்பான். அதுவே போதும்.

"நான் ஒரு நாள் கேட்டேன். 'தம்பி, இந்த மாசம் ஜனங்க ஆரோக்யமா இருந்திருக்காங்க, அதுக்கு உங்க ஸ்லைடுல கட்டம் இருக்கா?'ன்னு. ரொம்ப நேரம் சிரிச்சான். அப்புறம் அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டான்."

காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்கும் அந்த இடத்தில் லேசாகக் காது சுட்டது.

இந்தத் தலைமுறையைத்தான் நாம் எல்லாரும் சேர்ந்து திட்டுகிறோம். கவர் வாங்குகிறான், கமிஷன் வாங்குகிறான், மருந்துக் கம்பெனி காசில் வெளிநாடு போகிறான் என்று. வாங்கியவர்கள் உண்டு. அதில் சந்தேகமே இல்லை. சிபாரிசுக் கமிஷன் கூடாது என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதிகள் சொன்னது, 2009 டிசம்பரில் மருந்துக் கம்பெனியிடம் பரிசு, பயணம் எதுவும் கூடாது என்று திருத்தம் போட்டது எல்லாம் சும்மா பொழுதுபோகாமலா? 2022-ல் சுப்ரீம் கோர்ட் ஒருபடி மேலே போய், டாக்டருக்குக் கொடுத்த இனாமை மருந்துக் கம்பெனிகள் வியாபாரச் செலவு என்று கழித்துக்கொள்ள முடியாது என்று சொன்னது. ஆடிட்டர் ஆபீஸ்களில் அன்றைக்குப் பல பேர் காப்பியைக் கீழே கொட்டியிருப்பார்கள்.

ஆனால் அந்தக் காலம் சுத்தபத்தம் என்று சத்தியம் செய்ய பெரிய டாக்டர் தயாராக இல்லை. "ரெப் கொடுத்த டயரி, காலண்டர், பேனா, ஒரு வெள்ளிப் புள்ளையார்... எல்லாம் நானும் வாங்கியிருக்கேன்பா. சாம்பிள் மாத்திரையை ஏழைங்களுக்குக் கொடுத்தேன். புள்ளையாரைக் கொடுக்கலை. பூஜை ரூம்ல இருக்கார்."

சின்ன டாக்டருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு நோயாளி வீட்டுக்கு அவர் போகமாட்டார்தான். ஆனால் ஹார்ட் அட்டாக் என்று போன் வந்தால், இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் நிற்பார். ஒரு மணி நேரத்தில் அடைப்பு திறந்திருக்கும். பிழைத்தவனுக்கு டாக்டர் முகம்கூட ஞாபகம் இருக்காது. மாஸ்க் போட்டிருப்பார். மூணாம் நாள் பில்லைப் பார்க்கும்போது தெரியும்.

"அப்பா பேஷன்ட் வீட்டுக்குள்ள போனார். நான் பேஷன்ட் ரத்தக்குழாய்க்குள்ள போறேன். எது கிட்டக்க?" என்கிறார். நியாயமான கேள்வி.

இனி குட்டி டாக்டர். இவளுக்காகத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மூணு பேரும் திண்ணையில். நான் எதிரே, கையில் டிகிரி காப்பி. பேச்சு எங்கேயோ ஆரம்பித்து, டியூட்டி நேரத்தில் வந்து நின்றது. பாப்பா முந்தின வாரம் தொடர்ச்சியாக முப்பத்தாறு மணி நேரம் வார்டில் இருந்திருக்கிறாள். "எட்டு மணிக்கு டியூட்டி முடிஞ்சா போனை ஆஃப் பண்ணிடுவேன் தாத்தா" என்றாள்.

பெரிய டாக்டர் முகம் மாறியது. "போனை ஆஃப் பண்றதா? டாக்டருக்கு டியூட்டி முடியறதுன்னு ஒண்ணு உண்டா கண்ணு? நாங்க ஹவுஸ் சர்ஜன்சி பண்ணப்ப ரெண்டு நாள் சேர்ந்தாப்பல தூங்காம..."

"தூங்காம எத்தனை பேருக்குத் தப்பா மருந்து கொடுத்தீங்கன்னு யாராவது எண்ணினாங்களா தாத்தா?"

திண்ணையில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. காக்கா கத்தியது கேட்டது.

பாப்பா கேட்டது வெறும் வாய்த்துடுக்கு அல்ல. 1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி ஸயான் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணை ஜுரம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அவள் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த ஒரு மாத்திரையோடு சேரக்கூடாத பெத்தடினைக் கொடுத்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சி டாக்டர்கள், ஏகப்பட்ட நோயாளிகள் தலையில், நீண்ட டியூட்டி. பெண்ணின் அப்பா பத்திரிகையாளர், விடவில்லை. நியூயார்க் மாநிலம் 1989-ல் பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் எண்பது மணி நேரம்தான் என்று வரம்பு கட்டியது. 2003-ல் அமெரிக்கா முழுக்க அதே வரம்பு.

இந்தத் தூங்காத மரபுக்கு ஒரு ரிஷிமூலமும் உண்டு. 'ரெசிடென்ட்' என்ற பட்டத்துக்கே அர்த்தம், ஆஸ்பத்திரியிலேயே குடியிருப்பவர். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் இந்த முறையைக் கட்டியவர்களில் ஒருவர் ஹால்ஸ்டெட் என்ற மேதை சர்ஜன். சிஷ்யர்கள் ராப்பகலாக ஆஸ்பத்திரியிலேயே கிடக்கவேண்டும் என்பவர். அவர் கொகெய்ன் பழக்கத்துக்கு அடிமை என்பது பிற்பாடு உலகத்துக்கே தெரிந்தது. யார் வகுத்த டைம்டேபிளை யார் பின்பற்றிக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள்!

நம்ம தேசத்தில் சட்டம் இல்லையா என்றால், பேப்பரில் ஜோராக இருக்கிறது. மத்திய அரசு 1992-லேயே, பயிற்சி டாக்டர்களுக்குத் தொடர்ச்சியான டியூட்டி சாதாரணமாக நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டக்கூடாது என்று உத்தரவு போட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த ஒரு குழு, மருத்துவ மாணவர்களின் மனநிலையை ஆராய்ந்து, வாரம் எழுபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கவனியுங்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் நாற்பத்தெட்டு, எழுபத்து நாலாக வளர்ந்து, அதுவே ஒரு சலுகை மாதிரி ஆகிவிட்டது. அதே குழுவின் சர்வேயில், பதில் சொன்ன முதுநிலை மாணவர்களில் முப்பத்தொரு சதவிகிதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். மூணில் ஒருத்தர், கிட்டத்தட்ட. நம்ம உயிரைப் பிடித்து வைத்திருக்கிற பிள்ளைகள் இவர்கள்.

அதே 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில், நீண்ட டியூட்டிக்கு நடுவில் செமினார் ஹாலில் சற்றே கண் அயர்ந்த முப்பத்தொரு வயது டாக்டருக்கு நடந்ததை இங்கே விவரிக்க எனக்கு மனசு வரவில்லை. படுக்க ஒரு பூட்டுள்ள அறை இல்லை, அவ்வளவு மட்டும் சொல்கிறேன். நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில், ஒரு நோயாளியின் மகன் புற்றுநோய் டாக்டரைக் கத்தியால் குத்தினார். நல்லவேளை, டாக்டர் பிழைத்துக்கொண்டார். இத்தனைக்கும் தமிழ்நாட்டில் 2008-லிருந்து இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, மூணு வருஷத்திலிருந்து பத்து வருஷம் வரை ஜெயில்.

பெரிய டாக்டர் கொஞ்ச நேரம் கழித்து, "எங்களுக்கும் கஷ்டம்தான். ஆனா மனசு வந்து செஞ்சோம்" என்றார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து பாட்டி வந்தார். இதுவரைக்கும் இந்தக் கட்டுரையில் பாட்டி வரவே இல்லை பார்த்தீர்களா? அதுதான் விஷயமே.

"மனசு வந்து நீங்க செஞ்சீங்க. சோறு யாரு போட்டா? இவனுக்குக் காது குத்தறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பிரசவ கேஸ்..."

"எனக்குப் பிரசவ வலி வந்தப்ப?"

"...அதுவும் ஒரு கேஸ்தான்."

"வேற எவளோ ஒருத்தியோட கேஸ்!"

நான் காப்பி டபராவுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

டபுள் என்ட்ரி என்று எங்களுக்கு முதல் வருஷம் சொல்லித் தருவார்கள். ஒரு பக்கம் வரவு இருந்தால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே தீரும். பெரிய டாக்டர் ஊருக்குக் கொடுத்த இலவசம், 'அப்புறம்', நில், எல்லாவற்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது பாட்டி பேரில். படிவம் 3-சி-யில் அதற்குக் கட்டம் கிடையாது. ரெண்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தால் எழுந்து கதவைத் திறந்தது அவர். வந்தவர்களுக்கு மோர் கொடுத்தது அவர். பிள்ளையின் ஃபீஸ் கட்ட வளையலைக் கழற்றியதும் அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. ஐந்து ரூபாய் வைத்தியத்தின் பாக்கியை வீட்டில் யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பாப்பாவுக்கு வீட்டில் அப்படி ஒரு ஆள் கிடைக்கப்போவதில்லை. கட்டிக்கொள்ளப்போகிற பையனும் டாக்டர்தான், அவனுக்கும் நைட் டியூட்டி. இவள் போனை ஆஃப் செய்வதைத் தொழில் பக்தி குறைந்துவிட்டது என்று சொல்வதற்கு முன்னால் இதையும் எழுதிக் கூட்டிப் பார்க்கவேண்டும்.

பக்தி குறைந்ததா என்பதற்கு வேறு ஒரு சாட்சியும் இருக்கிறது. 2020 ஏப்ரல் 19 ராத்திரி. சென்னையில் நரம்பியல் சர்ஜன் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்துபோனார். உடலைப் புதைக்கப் போன ஆம்புலன்ஸை ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் அடித்தது. டிரைவருக்கு மண்டை உடைந்தது. எல்லாரும் சிதறி ஓடிய பிறகு, கூட வேலை பார்த்த டாக்டர் பிரதீப் குமார் பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு, தானே வண்டியை ஓட்டிப் போய், ரெண்டு வார்டு ஊழியர்களை வைத்துக்கொண்டு, மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் மண்ணைத் தள்ளிச் சிநேகிதரைப் புதைத்துவிட்டு வந்தார். ஃபீஸ் கட்டத்தில் அதற்கு என்ன எழுதுவது?

கல்லெறிந்தவர்கள் நாம். நாம் என்றால் நீங்களும் நானும் இல்லை, ஆனால் நம்ம கூட்டம். டாக்டர் தலைமுறைகள் மாறிப்போயின என்று புலம்புகிறோமே, நோயாளித் தலைமுறை மட்டும் அதே கட்டை பெஞ்சிலா உட்கார்ந்திருக்கிறது? தலைவலி வந்தால் முதலில் கூகுளில் தேடி, மூளையில் கட்டி என்று தீர்மானித்துக்கொண்டு, அதை உறுதிசெய்யத்தான் டாக்டரிடம் போகிறோம். அவர் "ஒண்ணுமில்லை, தூங்குங்க" என்றால் ஒரு ஸ்டார். நமக்கு வேண்டியது சின்ன டாக்டரின் மெஷின், பெரிய டாக்டரின் ஃபீஸ், பாப்பாவின் செல் நம்பர். மூணும் ஒரே ஆளிடம், ஞாயிற்றுக்கிழமை, பார்க்கிங் வசதியோடு.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட் தட்டப்பட்டது. நாலு வீடு தள்ளி இருக்கிற மளிகைக்கடைக்காரர், வேர்த்து விறுவிறுத்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு. "வாயுப் பிடிப்பு மாதிரி இருக்குங்க, பெரிய டாக்டரைப் பார்க்கணும்."

பெரிய டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வாயுவும் இல்லை, ஆயுவும் இல்லை. மூச்சை மெதுவா விடு." சின்ன டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பா, இது அட்டாக்தான், நேரம் போகக்கூடாது" என்று மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்தவருக்குப் போன் போட்டார். பாப்பா 108-க்குச் சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாடின் என்று எண்ணி எடுத்தாள். (2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுக்கிறார்களே, அதே மருந்துகள்.) டியூட்டி இல்லாத நாள்தான். போனும் ஆஃப்பில்தான் இருந்தது, அப்பா போனிலிருந்துதான் 108-ஐக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸில் கூடவே ஏறிக்கொண்டு போனதும் அவள்தான்.

பாட்டி மளிகைக்காரரின் சம்சாரத்துக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆள் பிழைத்துவிட்டார். இப்போது கடையில் உட்கார்ந்திருக்கிறார், எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் மற்றவர்களுக்கு விற்றுக்கொண்டு.

கிளம்பும்போது பெரிய டாக்டர் என்னைக் கேட்டார். "ஆமா தம்பி, நீ இப்ப பத்திரிகைக்கு எழுதறேன்னு சொன்னியே. ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீஸ்லேர்ந்து கட்டுரை வேணும்னு போன் வந்தா எடுப்பியா?"

"முதல் ரிங்லயே எடுப்பேன் டாக்டர். செக் எப்ப வரும்னு கேட்கிறதுக்கு எனக்கு வேற சந்தர்ப்பமே கிடைக்கிறதில்லை."

இந்த வருஷ நார்த்தங்காயில் உப்பு கொஞ்சம் தூக்கல். ரத்தக் கொதிப்புக்கு ஆகாது என்று பாப்பா மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், ராத்திரி பன்னிரண்டே காலுக்கு.